பழந்துணி விரிப்பும் பாலராமபுரத் துகிலும்: கைவினை கலையாகுமா?

கைவினைப் பொருள்களைக் கலைப் படைப்புகளாகக் கொள்ளலாமா என்னும் வினா பொதுவாகக் காட்சிக் கூடங்களிலும் கருத்தரங்குகளிலும் எழுப்பப்படுவது. பொருளாதாரம் பயின்று, அரசுப் பணியில் நெடுங்காலமாகப் புள்ளிவிவரங்களோடு பழகிவரும் எனக்கோ அது ஒரு கணக்கெடுப்புப் படிவத்தின் முன்னிலையில் எழுந்தது.

தொழிலாளர் நிலை பற்றிய மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்றை மேற்பார்வையிடும் பொருட்டுச் சில ஆண்டுகளுக்கு முன் ஆரியங்கோட்டுக்குச் சென்றிருந்தேன். நெய்யாற்றங்கரை, பாறசாலைப் பக்கத்து எல்லைச் சிற்றூர்களுள் அதுவும் ஒன்று. 1956 நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. கோடு வரைபடத்தில் விழுந்ததேயன்றிப் பேச்சில் விழவில்லை. ஒரே வாக்கியத்தில் தமிழும் மலையாளமும் தோளுரசி நடக்கும் ஊர்கள் அவை.

நாங்கள் சென்ற வீட்டில் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் இருந்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கணக்கெடுப்பாளர் கேட்டதற்கு, "வேலையொண்ணும் இல்ல சாரே" என்றார். அவர் அமர்ந்திருந்த திண்ணையில் ஒரு விரிப்புக் கிடந்தது. பழைய முண்டுகளை நான்கு அடுக்காக மடித்து, ஓட்டுத் தையலால் இணைத்துத் தைத்தது. கசவுக் கரைகளை மட்டும் வெட்டியெடுத்து நடுவில் ஒன்றனுள் ஒன்றாக மூன்று சதுரங்கள் வைத்திருந்தார். வெளிச் சதுரத்திற்குக் கசவு போதாமையால் ஒரு மூலையில் சிவப்புத் துணி புகுந்திருந்தது. அதற்கு ஈடாக எதிர் மூலையிலும் வேண்டுமென்றே ஒரு சிவப்புத் துண்டு. தையல் கோடுகள் சதுரத்தை அணுகுந்தோறும் நெருங்கி, விலகுந்தோறும் அகன்றன. யார் தைத்தது என்று கேட்டேன். "சும்மா இருக்கும்போ நான் தெச்சதுல்லா" என்று விடை வந்தது. கணக்கெடுப்பாளர் 93 என்று எழுதிக்கொண்டார்.

இக்குறியீட்டைப் பற்றி வாசகர்களுக்குச் சிறிது விளக்க வேண்டும். நமது தேசிய மாதிரிக் கணக்கெடுப்புகளில் வீட்டுப் பணிகளை மட்டும் கவனிப்பவருக்கு 92 என்னும் எண் வழங்கப்படுகிறது. வீட்டுப் பணிகளோடு விறகு, கீரை, கால்நடைத் தீவனம் முதலியவற்றை இலவசமாகச் சேகரிப்பது, வீட்டுத் தேவைக்காகத் தைப்பது, நெய்வது ஆகியவற்றையும் செய்பவருக்கு 93. இவ்விரு எண்களும் பெற்றவர்கள் தொழிற்படையில் சேர்க்கப்படுவதில்லை. வேடிக்கை என்னவெனில், நாட்டு வருமானக் கணக்கு முறைக்கான பன்னாட்டு வரையறைப்படி, ஒரு குடும்பம் தன் சொந்த உபயோகத்திற்காகச் செய்துகொள்ளும் பொருளும் உற்பத்தியே ஆகும். விரிப்பைத் தைப்பது உற்பத்தி. அதைத் துவைத்து உலர்த்துவது உற்பத்தி அன்று. ஆகவே விரிப்பு உற்பத்திப் பொருள். அதை உற்பத்தி செய்தவரோ தொழிலாளர் அல்லர். அவரைக் கலைஞர் என்று எழுதுவதற்குப் படிவத்தில் இடமே இல்லை.

மூன்று அளவுகோல்கள்

கலை எது, கைத்தொழில் எது என்று பிரிக்கும் வழக்கம் நாம் எண்ணுமளவு பழமையானதன்று. ஓவியம், சிற்பம், இசை, கவிதை, நடனம் ஆகியவற்றை நுண்கலைகள் என்று ஒரு குடும்பமாகத் தொகுத்த நூலைப் பிரெஞ்சு அறிஞர் சார்ல் பத்தே 1746-இல் வெளியிட்டார். இன்பம் பயப்பதையே நோக்கமாக உடையவை நுண்கலைகள் என்றும், பயன்பாட்டிற்கென அமைந்தவை வேறு என்றும் அவர் வகுத்தார். நம் மரபில் வழங்கும் அறுபத்து நான்கு கலைகளின் பட்டியலிலோ ஊசி வேலை பாட்டோடும் ஓவியத்தோடும் ஒரே வரிசையில் அமர்ந்திருக்கிறது. கொழும்பில் 1877-இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இந்தியக் கைவினைஞரைப் பற்றி 1909-இல் வெளியிட்ட நூல் முதற்கொண்டு, இப்பிரிவினை நம் நாட்டிற்கு ஒவ்வாதது என்று வாதிட்டு வந்தார். அவர் சிறப்பித்த பழைய கைவினைச் சமுதாயத்தில் சாதிக் கட்டுப்பாடு எத்துணை வலுவாயிருந்தது என்பதை அவர் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை என்பது என் கருத்து. எனினும் பிரிவினை இறக்குமதியானது என்று அவர் கண்டது சரியே.

இறக்குமதியான பிரிவினை நம் நிருவாகத்தில் நன்கு வேரூன்றிவிட்டது. 1952-இல் கைத்தறிக்கு ஒன்றும் கைவினைப் பொருள்களுக்கு ஒன்றுமாக இரு அகில இந்திய வாரியங்கள் அமைந்தன. ஓவியத்திற்கும் சிற்பத்திற்குமாக லலித கலா அகாதமி 1954-இல் பிறந்தது. அவ்விரு வாரியங்களும் 2020-இல் கலைக்கப்பட்டன. ஆயினும் கோப்புகள் இன்றும் மூன்று வழிகளிலேயே செல்கின்றன. கைத்தறிக்கும் கைவினைக்கும் ஜவுளி அமைச்சகத்தின்கீழ்த் தனித்தனி வளர்ச்சி ஆணையர்கள். கலைக்குப் பண்பாட்டு அமைச்சகம்.

சட்டத்துறையும் தன் பங்கிற்கு அளவுகோல்களை வகுத்துள்ளது. கைவினைப் பொருள் என்பது பெரும்பாலும் கையால் செய்யப்பட்டிருக்க வேண்டும், கண்ணைக் கவரும் அலங்கார வேலைப்பாடும் உடையதாயிருக்க வேண்டும், அவ்வேலைப்பாடு பெயரளவினதாக இல்லாமல் கணிசமானதாக இருத்தல் வேண்டும் என்று லூயிஸ் ஷாப் என்னும் கலால் வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் கூறிற்று. சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின், 2018-இல் வெளியான அறிவிக்கையும் ஏறத்தாழ இதே சொற்களைக் கையாண்டது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமோ கலைத்திறன் வாய்ந்த கைவினையைக் கலைப்படைப்பு என்றே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் வடிவமைப்பாகப் பதிவு செய்யத்தக்க ஒன்று, அவ்வாறு பதிவு செய்யப்படாமல், தொழில் முறையில் ஐம்பது முறைக்கு மேல் படியெடுக்கப்படின் அப்பாதுகாப்பு அற்றுப்போகிறது.

ஆக, பயன்பாடு இருந்தால் கலையன்று என்கிறது ஓர் அளவுகோல். அலங்காரம் வேண்டும் என்கிறது மற்றொன்று. எண்ணிக்கையைப் பார்க்கிறது மூன்றாவது. வரி அதிகாரிகள் இத்தகைய அளவுகோல்களைக் கையாளும்போது நேரும் விபரீதத்திற்கு நியூயார்க் துறைமுகம் சான்று. சிற்பி பிரான்குசியின் பறவைச் சிற்பம் 1926-இல் அங்கு வந்து இறங்கிற்று. கலைப்பொருளுக்கு வரி இல்லை. இதில் இறகும் இல்லை, அலகும் இல்லை என்று கண்ட சுங்கத்தார், சமையல் பாத்திரங்களோடு அதைச் சேர்த்து 40 விழுக்காடு வரி விதித்தனர். 1928-இல் நீதிமன்றம் அதைக் கலை என்று தீர்ப்பளித்தது. நம் துறையினரைப் பார்த்து நகைப்பதற்காக இதைக் கூறவில்லை. வரிப் பட்டியலை வைத்துக்கொண்டு நின்றிருந்தால் நானும் அதையே செய்திருப்பேன்.

ஆற்று வளைவில் ஓர் அனுபவம்

ஒட்டுத்துணி விரிப்பைப் பற்றிய வினாவிற்கு மிகத் தெளிவான பாடம் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலிருந்து கிடைக்கிறது. அலபாமா ஆற்றின் வளைவொன்றில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. பருத்தித் தோட்ட அடிமைகளாயிருந்தோரின் வழித்தோன்றல்களான கறுப்பின மக்கள் வாழும் ஊர் அது. அவ்வூர்ப் பெண்கள் குளிருக்குப் போர்த்துவதற்காகக் கிழிந்த வேலை உடைகளையும் மாவுப் பைகளையும் வெட்டி இணைத்து விரிப்புகள் தைத்து வந்தனர். 1966-இல் அவ்வட்டாரப் பெண்கள் கூட்டுறவு அமைப்பொன்றை ஏற்படுத்தினர். 1972-இல் சியர்ஸ் என்னும் பெரிய வணிக நிறுவனம் கோடுடைத்த தடித்த பருத்தித் துணியில் தலையணை உறைகள் தைத்துத் தரும் ஒப்பந்தத்தை வழங்கியது. அளவு ஒன்று, தையல் ஒன்று. ஓர் உறைக்கும் மற்றோர் உறைக்கும் வேறுபாடு கூடாது. அதுகாறும் ஊதியம் என்பதையே அறியாதிருந்த பல குடும்பங்களுக்கு அது வருவாய் தந்தது.

மிஞ்சிய துணுக்குகளை அப்பெண்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று தமக்கென விரிப்புகள் தைத்தனர். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் ஏறியவற்றுள் அத்துணுக்கு விரிப்புகளும் இருந்தன. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை ஜீஸ் பெண்ட் விரிப்புகளை அஞ்சல் தலைகளாக வெளியிட்டது. தலையணை உறைகளை எந்த அருங்காட்சியகமும் கேட்கவில்லை. கை ஒன்றே, ஊசி ஒன்றே, துணியும் ஒன்றே. ஓரிடத்தில் அடுத்த துண்டு எது என்பதைத் தைப்பவர் முடிவு செய்தார்; மற்றோரிடத்தில் ஒப்பந்தம் முடிவு செய்தது.

கதை இத்துடன் முடியவில்லை. புகழ் வந்தபின் தமக்கு உரிய பங்கு கிட்டவில்லை என்று தைத்தவருள் சிலர் 2007-இல் வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டில் சமரசம் ஏற்பட்டது. கலை என்று ஏற்கப்படுவதும் விலையில் உரிய பங்கு பெறுவதும் இருவேறு செயல்கள் என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

நம் நாட்டிலும் இதற்கு இணை உண்டு. வங்காளத்தின் காந்தா வேலைப்பாடு, பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் வீட்டு வழக்கத்திலிருந்து எழுந்தது. நம் கந்தை என்னும் சொல்லும் அதன் உறவுச் சொல்லே. வங்காளத்துக் கந்தை, அருங்காட்சியகம் ஏறிற்று. காந்தாக் கலைஞர் பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நம் ஊர்க் கந்தை திண்ணையிலேயே கிடக்கிறது.

அலங்காரமற்ற துணி

ஆரியங்கோட்டு அம்மையாரின் விரிப்பில் இருந்த கசவுக் கரைகள் அண்மையில் நெய்யப்பட்டவையே என்று அறிந்து, திரும்பும் வழியில் பாலராமபுரத்தில் இறங்கினேன். திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா (1798-1810) காலத்தில் திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால் அமைந்த ஊர் அது. நாகர்கோவில், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து சாலியர்கள் அங்குக் குடியமர்த்தப்பட்டனர். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு என்னும் தெருப் பெயர்களில் அக்குடியேற்றத்தின் தடம் இன்றும் விளங்குகிறது.

பாலராமபுரத் துணியின் சிறப்பைச் சொற்களால் விளக்குவது கடினம். ஏனெனில் அதில் சுட்டிக்காட்ட ஒன்றுமில்லை. வெளுக்காத பருத்தியின் இயல்பு நிறம், ஓரத்தில் கசவு, அல்லது புளியிலைக்கரை எனப்படும் மெல்லிய கோடு, அவ்வளவே. குழித்தறியில் அமர்ந்து, நாடாவைக் கையால் எறிந்து மறுகையால் பற்றி நெய்கிறார்கள். கயிற்றை இழுத்து நாடாவை ஓடச் செய்யும் விரைவு முறை இத்துணிக்கு உரியதன்று. துணியின் முன்புறமும் பின்புறமும் கரை உள்பட ஒன்றுபோலவே தோன்றும். அதிகாலையில் தெரு நீளத்திற்குப் பாவை விரித்துக் கஞ்சி பாய்ச்சித் தூரிகையால் நீவுகிறார்கள். மேகம் திரண்டால் எப்போது சுருட்டுவது, ஈரக் காற்றில் நூல் தளர்ந்தால் இழுப்பை எவ்வளவு கூட்டுவது, அறுந்த இழையை எங்கே முடிந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பனவற்றை எந்த வரைபடமும் கூறாது. நூறு முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றும் வெளியே தெரியக்கூடாது என்பதே இத்துணியின் இலக்கணம்.

கணிசமான அலங்காரம் வேண்டும் என்னும் அளவுகோலை இங்கு வைத்துப் பாருங்கள். சரிகை அள்ளி இறைத்த நடுத்தரத் துணி தேர்ந்துவிடும். புளியிலைக்கரை முண்டு தோற்றுவிடும். அளவுகோல்தான் தோற்கிறது என்று கொள்வதே முறை.

பாலராமபுரப் புடவைகளும் நுண்பருத்தித் துணிகளும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. ஆனால் அக்குறியீடு ஊரின் பெயரைக் காக்குமேயன்றி, நெய்தவரின் பெயரைச் சொல்லாது. அதைக் காக்கவும் விழிப்பு வேண்டும். கைத்தறிக்கென 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒதுக்கப்பட்ட வகைகள் முதலில் 22; பின்னர் 1996-இல் அவை 11 ஆகச் சுருக்கப்பட்டன. விசைத்தறியில் ஓடிய கசவு வேட்டியைக் கைத்தறி என்று விற்பவர் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். வாங்குபவருக்குப் பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கத் தெரிவதில்லை.

சீருடையும் கரை வேட்டியும்

கேரள அரசு 2017 முதல் பள்ளி மாணவர்களுக்கு இலவசக் கைத்தறிச் சீருடை வழங்கும் திட்டத்தை நடத்திவருகிறது. பண்டிகைக் காலத்தில் மட்டும் ஓடித் தேங்கும் தறிகளுக்கு ஆண்டு முழுவதும் வேலை கிடைக்க வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கம். பொருளாதார நோக்கில் இதில் குறைகாண எனக்கு மனமில்லை. கைத்தறிக்குத் தேவையை உருவாக்குவதை விட்டுவிட்டு அதன் பெருமையை மட்டும் பேசி வந்த காலத்தை நான் நன்கறிவேன். ஆயினும் சீருடைத் துணி நெய்பவருக்கு முடிவெடுக்க ஒன்றும் இல்லை. நிறமும் அளவும் அகலமும் மேலிருந்து வருகின்றன. சியர்ஸ் நிறுவனத்தின் தலையணை உறை போன்றதே இது. நெய்பவர் செய்வது நேர்மையான உழைப்பு. அதற்கு உரியது நியாயமான, காலந்தவறாத கூலி. அதைக் கலை என்று புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கையால் செய்ததெல்லாம் கலை என்போருடன் நான் வேறுபடுவது இங்கேதான்.

ஆனால் மீட்டர் கணக்கில் கூலி தரும் முறையை இரண்டுக்கும் ஒருசேரப் பயன்படுத்தும்போது தீங்கு விளைகிறது. மீட்டர் கூலி என்பது கையசைவிற்கான விலை. நுண்ணிய துணியில் நெசவாளர் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதி பாவைச் சீர்செய்வதிலும், நிதானிப்பதிலும், பிழையைப் பிரித்து மீண்டும் நெய்வதிலும் கழிகிறது. இவற்றுக்கு மீட்டர் கிடையாது. ஆகவே திறமை மிகுந்தவர் குறைந்த நீளம் நெய்து குறைந்த கூலி பெறுகிறார். அவருடைய மகன் இதைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுத் தறியைவிட்டு இறங்குகிறான். அவனுடைய கணக்கில் பிழையில்லை. 2019-20-ஆம் ஆண்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகவும், அவர்களுள் நூற்றுக்கு 72 பேர் பெண்கள் என்றும் தெரிவித்தது. இவர்களுள் எத்தனைபேர் தாமே முடிவெடுத்து நெய்கிறார்கள் என்னும் கேள்வி, ஒரு கணக்கெடுப்பாளர் தறியருகே நின்று கேட்கக்கூடியதே.

ஓவியர்கள் இவ்வகையில் நெசவாளரைவிட விவரமாக நடந்துகொண்டனர். கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தபோது, பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று அந்த வருவாயில் ஓவியம் தீட்டினர். கைவினை அடுப்பை எரித்தது. ஓவியம் முடிவெடுக்கும் உரிமையைக் காத்தது. சீருடையையும் புளியிலைக்கரையையும் இவ்வாறே ஒரே தறிக்குடும்பம் நெய்ய இயலும். சீருடைக்கு மீட்டர் கூலி; மற்றதற்கு நெய்தவர் தாமே விலை கூறும் உரிமையும், துணியின் ஓரத்தில் அவர் பெயரும். தேசிய விருது பெறும் கைவினைஞர்களின் பெயரை 1965 முதல் நாம் அறிவித்து வருகிறோம். ஆரியங்கோட்டுக்கு அண்மையிலுள்ள மஞ்சவிளாகத்தில் நெசவுக் கூட்டமைப்பை உருவாக்கிய பி. கோபிநாதனுக்கு 2007-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது பெறுபவர் பெயர் நாளிதழில் வருகிறது. அன்றாடம் விற்கும் முண்டில் எவர் பெயரும் இல்லை. ஓவியத்தின் மூலையில் கையொப்பம் இல்லையெனில் அதன் விலை என்னவாகும் என்பதைச் சந்தை அறிந்தோருக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

கூட்டுறவுச் சங்கங்கள் இதைச் செய்வதில் பெருந்தடை ஏதுமில்லை. சங்கத்தின் முத்திரையோடு நெய்தவர் பெயரும் தறி எண்ணும் கொண்ட துணிச்சீட்டு ஒன்று போதும். எல்லோருடைய பெயரும் ஒரே விலையைப் பெறாது. சிலருக்கு மனத்தாங்கல் உண்டாகும். உறுப்பினரிடையே வேற்றுமை பாராட்டலாகாது என்னும் கூட்டுறவுக் கொள்கைக்கு இது முரண் என்று ஒரு சங்கச் செயலர் என்னிடம் வாதிட்டார். அவர் வாதத்தில் நியாயம் உண்டு. சமக் கூலி என்னும் அரிய நற்பேறு பல போராட்டங்களின் பயன். அதைக் கைவிடுமாறு எவரும் கேட்க இயலாது. அடிக்கூலி சமமாக இருக்கட்டும், அதற்குமேல் கிட்டும் விலையே பெயரைத் தொடரட்டும் என்றேன். முகத்தில் இசைவு தெரியாவிடினும், யோசிப்பதாகச் சொன்னார்.

ஆரியங்கோட்டு விரிப்புக்கு இவ்வழி பொருந்தாது. அது சந்தைக்கு வந்ததன்று. பேரக் குழந்தைக்குத் தைத்தது. கலை என்று ஏற்றுக்கொள்வதற்கு விற்பனை ஒரு நிபந்தனையாக இருக்கக்கூடாது என்பதே என் எண்ணம். அந்த எதிர் மூலைச் சிவப்புத் துண்டை வைத்தவர், பற்றாக்குறையை ஓர் ஒழுங்காக மாற்றியவர். அதைப் பார்த்தபின் 93 என்னும் எண் என் கண்ணை உறுத்திற்று. விதிப்படி அதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை; கணக்கெடுப்பாளர் எழுதியதும் பிழையன்று. குறிப்புரைக் கட்டத்தில், 'இவர் தாமே வடிவமைத்து விரிப்புகள் தைக்கிறார்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். குறிப்புரைகளை எவரும் அட்டவணையில் சேர்ப்பதில்லை என்பதை நாங்கள் இருவரும் அறிவோம்.

விடைபெறும்போது, இதைப்போல் ஒன்று தைத்துத் தருவதானால் என்ன விலை கேட்பீர்கள் என்று அம்மையாரிடம் வினவினேன். அவர் வெகுநேரம் யோசிக்கவில்லை.

"விலையொண்ணும் எனக்குத் தெரியாது சாரே. நீங்க உங்க வீட்டுப் பழைய துணியக் கொண்டு வாங்க. துணியப் பாக்காம எப்படித் தெக்கது?"

அடுத்த பயணத்தின்போது கொண்டுவருவதாகச் சொல்லிப் புறப்பட்டேன். வீட்டில் கேட்டபோது, பழைய வேட்டிகளையெல்லாம் பாத்திரக்காரரிடம் போட்டுவிட்டதாகத் தெரிந்தது.